மிளகுத் தோட்டத்து மாளிகை

மலேசியத் தமிழரிடம் 'தோட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். ரோஜாச் செடியும் புல்வெளியும் யார் நினைவுக்கும் முதலில் வராது. ரப்பர் மரம், பால் வாளி, லயத்து வீடு, விடியற்காலைப் பெரட்டு, கங்காணியின் அதட்டல், தோட்டப் பள்ளி எல்லாம் வரிசையாக வரும். "நாங்க தோட்டத்துல இருந்தப்போ" என்று ஆரம்பிக்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. பூ பூக்கும் இடத்துக்கு நாம் 'பூங்கா' என்று வேறு பெயர் வைத்துவிட்டோம்.

ஆங்கிலத்திலும் இரண்டும் தனித்தனிச் சொற்கள்தாம். ஒன்று மனம் மகிழ, மற்றொன்று வருமானத்துக்கு. ஆனால் இரண்டும் ஒரே வேலிக்குள் இருந்த ஓர் இடம் நம் நாட்டில் இருக்கிறது. பினாங்கு, ஆயர் ஈத்தாம் சாலையோரம், ஆற்றை ஒட்டி நிற்கும் சஃபோக் மாளிகை அது. இங்கிலாந்துக் கிராமப்புற மாளிகைகளையும் அவற்றின் தோட்டங்களையும் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்து ஏங்குகிறவர்கள், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் ஒரு வார இறுதியை இங்கே செலவிடலாம்.

வேலி தெரியாத புல்வெளி

முதலில் இங்கிலாந்துக்கே போய் வருவோம். 18-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பிரபுக்களுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுப்பதில் பெயர் பெற்றவர் லான்சிலாட் பிரவுன். எந்த நிலத்தைக் காட்டினாலும் "இதற்கு நல்ல சாத்தியம் இருக்கிறது" என்பாராம். அதனாலேயே 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 170-க்கும் மேற்பட்ட தோட்டங்களில் அவர் கை பட்டிருக்கிறது.

அவருடைய பாணி எளிமையாகத் தெரியும். வீட்டு வாசலிலிருந்து அலை அலையாக இறங்கும் புல்வெளி, வளைந்து கிடக்கும் ஏரி, ஆங்காங்கே கூட்டமாக மரங்கள். எல்லாம் இயற்கையாக அமைந்தது போலத் தோன்றும். உண்மையில் மண்ணை வெட்டி, ஓடையை அணைகட்டி, மரங்களைப் பெயர்த்து நட்டு உருவாக்கியது. மாடுகள் புல்வெளிக்குள் வராமல் இருக்க வேலி வேண்டும், ஆனால் வேலி கண்ணில் படக்கூடாது. அதற்காகப் பள்ளம் தோண்டி அதற்குள் சுவரை ஒளித்து வைத்தார்கள். மாளிகை ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்குப் பச்சை தெரியும், மேயும் மாடு தெரியும். நடுவில் இருக்கும் தடுப்பும் அதைத் தோண்டியவர்களும் தெரிய மாட்டார்கள்.

இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள சஃபோக் மாவட்டத்தில், ஹெவனிங்ஹாம் ஹால் என்ற மாளிகைக்கு 1780-களின் தொடக்கத்தில் பிரவுன் திட்டம் வரைந்து கொடுத்தார். 1783-ல் இறந்துபோனார். மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழித்து, அதே சஃபோக் மண்ணில் பிறந்த ஒருவர் பினாங்கில் வந்து இறங்கினார்.

ஊர்ப் பெயரில் ஒரு காடு

பிரான்சிஸ் லைட்டை நமக்குப் பள்ளிப் பாடத்திலிருந்து தெரியும். 1786 ஜூலையில் கரையிறங்கி, ஆகஸ்ட் 11-ஆம் தேதி தீவில் கொடியேற்றியவர். அதற்கு முன் மதராஸைச் சேர்ந்த வணிக நிறுவனம் ஒன்றின் ஆளாக அச்சேயிலும் கெடாவிலும் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பது பாடத்தில் அவ்வளவாக வராது. பினாங்கின் கதையில் மதராஸ் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

கடற்கரையில் கோட்டையும் ஊரும் எழுந்தபோது, லைட் தமக்கென்று உள்பகுதியில், ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் காட்டை அழித்து நிலம் திருத்தினார். அதற்குத் தம் சொந்த மாவட்டத்தின் பெயரையே வைத்தார். அங்கே அவர் வளர்த்தது மிளகு. அச்சேயிலிருந்து மிளகுக் கொடிகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்து கொடுத்தவர், தீவின் முதல் சீனக் கப்பித்தான் கோ லே ஹுவான். லைட் 1794 அக்டோபரில் காய்ச்சலில் இறந்தார். தம் துணைவி மார்ட்டினா ரோசெல்ஸுக்கு எழுதி வைத்த சொத்துகளில் இந்த மிளகுத் தோட்டமும் அதிலிருந்த தோட்ட வீடும் அடங்கும்.

மிளகுக் கொடி தானாக வளர்ந்துவிடாது. கொம்பு நட வேண்டும், கொடியைக் கட்டிவிட வேண்டும், களை எடுக்க வேண்டும், காய் பழுக்கும்போது ஏணி வைத்துப் பறிக்க வேண்டும், வெயிலில் காயவைக்க வேண்டும். பினாங்கின் மிளகுத் தோட்டங்களில் பெரும்பாலும் சீனர்கள் உழைத்தார்கள். தமிழர்களும் அப்போதே தீவில் இருந்தார்கள். லைட் இறந்த அதே 1794-ல் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்களில் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, உழைத்துச் சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். அவர்களைச் 'சூலியா' என்றார்கள். ஜார்ஜ்டவுனின் சூலியா தெரு இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. இவர்களுக்குப் பின், இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தீவின் சாலைகளைப் போட்டார்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள்.

மிளகு நீண்ட நாள் காப்பாற்றவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ஐரோப்பாவில் நடந்த போர்களால் சந்தை அடைபட்டு விலை சரிந்தது. பிறகு கிராம்பும் ஜாதிக்காயும் தீவைப் பிடித்துக்கொண்டன. 1860 வாக்கில் நோய் தாக்கி ஜாதித் தோட்டங்களும் அழிந்தன. அந்தக் காலத்தின் மிச்சம்தான், பாலிக் புலாவ் பக்கம் போனால் நாம் கேட்டு வாங்கிக் குடிக்கும் ஜாதிக்காய் ஜூஸ்.

மதராஸ் பாணியில் ஒரு வீடு

லைட்டின் மறைவுக்குப் பிறகு நிலம் கைமாறி, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸிடம் வந்தது. இன்று நாம் பார்க்கும் மாளிகை அவர் காலத்தது. 1820-களின் தொடக்கத்தில் அவரே பினாங்கின் ஆளுநராகவும் இருந்தார். விருந்துகளும் ஆட்சிப் பேச்சுகளும் இந்தக் கூடங்களில் நடந்தன.

இரண்டு மாடிக் கட்டடம். சுற்றிலும் அகன்ற தாழ்வாரம், தடித்த தூண்கள், உயரமான கதவுகள், மேல்மாடியில் பெரிய கூடம். இதைப் பார்த்தவுடன் இங்கிலாந்து என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கிலாந்துக் குளிரில் யாரும் இத்தனை திறப்பு வைத்து வீடு கட்ட மாட்டார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற இந்த வடிவம் மதராஸிலும் கல்கத்தாவிலும் உருவானது. கோட்டைக்குள் நெருக்கடியில் வாழ்ந்த கம்பெனி அதிகாரிகள், ஊருக்கு வெளியே பெரிய நிலம் வாங்கி, நடுவில் வீடு கட்டி, சுற்றிலும் தோப்பும் தோட்டமும் வைத்துக்கொண்டார்கள். 'தோட்ட வீடு' என்பதே அவற்றின் பெயர்.

சென்னையில் அந்த வீடுகளில் பல இடிந்துபோயின. பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. செய்திகளில் நாம் ஓயாமல் கேட்ட போயஸ் கார்டனில் அந்தக் 'கார்டன்' எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? கீழ்ப்பாக்கம் கார்டன் என்கிறார்களே, அங்கே தோட்டம் எங்கே? எல்லாம் அந்தத் தோட்ட வீடுகளின் நிழல். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வீடு ஒன்று கடல் தாண்டி வந்து, பினாங்கில் முழுசாக நிற்கிறது.

1818 வாக்கில் கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் பினாங்கின் காட்சிகளை ஓவியங்களாகத் தீட்டினார். சஃபோக் மாளிகையும் அவற்றில் ஒன்று. பின்னால் பினாங்கு மலை, முன்னால் பரந்த புல்வெளி, நடுவே வெள்ளை மாளிகை. பிரவுன் உயிரோடு இருந்து பார்த்திருந்தால் தம் மாணவர் யாரோ செய்தது என்று நினைத்திருப்பார்.

இடிந்து, எழுந்து

ஆளுநர்கள் போன பிறகு மாளிகை பல கை மாறியது. 1920-களின் இறுதியில் மெத்தடிஸ்ட் ஆண்கள் பள்ளியின் வளாகமாகியது. ஆளுநர் விருந்து வைத்த கூடத்தில் பையன்கள் வாய்ப்பாடு படித்தார்கள். 1975-ல் கட்டடம் பாதுகாப்பற்றது என்று காலி செய்யப்பட்டது. அதற்குப் பிறகு கூரை சரிந்தது, சுவரில் மரம் முளைத்தது. பினாங்கு மரபுடைமை அறவாரியமும் மாநில அரசும் முன்னெடுத்த சீரமைப்பு 2000-ல் தொடங்கி 2007-ல் முடிந்தது. மறு ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமைப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

இப்போது போனால், வீட்டைச் சுற்றியிருப்பது பழைய எஸ்டேட்டின் சிறு துண்டுதான். பக்கத்திலேயே பள்ளி, கொஞ்ச தூரத்தில் அடுக்குமாடி வீடுகள், சாலையில் ஓயாத வண்டிச் சத்தம். ஆனாலும் மாடித் தாழ்வாரத்தில் நின்று புல்வெளியைப் பார்க்கும்போது ஒரு நிதானம் வருகிறது. சுவரும் தரையும் வெயில் நேரத்திலும் குளுமையாக இருக்கின்றன.

நான் போனபோது அம்மாவும் உடன் வந்திருந்தார். கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. மாடியில் நின்று அவர் ரசித்தது தூண்களை அல்ல.

"ஏம்மா, இவ்ளோ புல்லையும் யாரு வெட்டுறாங்க?" என்று கேட்டார்.

"மெஷின்ல வெட்டுவாங்கம்மா."

"இப்போ மெஷின். அப்போ?"

மாளிகைத் தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குப் பட்டது. பிரவுன் காலத்திலும் சரி, பிலிப்ஸ் காலத்திலும் சரி, புல்லை அரிவாளால்தான் வெட்டினார்கள். வெட்டி ஒரு வாரத்தில் திரும்பவும் வளர்ந்துவிடும். நம் நாட்டு மழைக்கு அதைவிட வேகமாக வளரும். வீட்டைக் கட்டியவர் பெயர் ஆவணத்தில் நிற்கிறது. புல்லை வெட்டியவர் வேலை அடுத்த வாரமே மறைந்துவிடுகிறது. மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அது உடனே கண்ணில் படுகிறது.

பூங்காவில் பிறந்த தோட்டம்

சஃபோக் மாளிகையிலிருந்து காரில் கால் மணி நேரத்தில் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போய்விடலாம். மாளிகையின் தோட்டம் சுருங்கிவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு, ஆங்கிலேயர் அமைத்த இன்னொரு தோட்டம் அங்கே விரிந்து கிடக்கிறது. பினாங்கு தாவரவியல் பூங்கா. மலாயில் 'கெபுன் பூங்கா'. அந்த மொழியில் 'பூங்கா' என்றால் பூ, 'கெபுன்' என்றால் தோட்டம். ஆக, அது 'பூந்தோட்டம்'. பெயரைச் சொன்னாலே தமிழ்க் காதுக்கு ஒரு சிரிப்பு வரும்.

இதை 1884-ல் தொடங்கியவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். அதற்கு முன் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீட்ச் நாற்றுப்பண்ணைக்காகப் போர்னியோ, சுமத்ரா காடுகளில் செடி தேடி அலைந்தவர். கருங்கல் உடைத்த பழைய குவாரியும் அருவி விழும் பள்ளத்தாக்கும் அவரிடம் கொடுக்கப்பட்டன. கல்குழியை மேடு பள்ளமான புல்வெளியாக்கினார். பாதை வளைத்தார், மலைகளின் பின்னணியில் மரக்கூட்டங்கள் நட்டார். 1903-ல் ஓய்வு பெறும்வரை இதுவே அவர் வேலை. உதகமண்டலத்தில் 1848-ல் மெக்ஐவர் மலைச்சரிவை அரசு தாவரவியல் பூங்காவாக்கினாரே, அது போன்ற பணி.

ஆங்கிலேயர் தாவரவியல் பூங்காக்களை அழகுக்காக மட்டும் அமைக்கவில்லை. எந்தப் பயிர் எந்த மண்ணில் காசு தரும் என்று சோதிக்கும் நாற்றங்கால்களாகவும் அவை இருந்தன. 1877-ல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்தன. சில நாற்றுகள் கோலக்கங்சாரில் நடப்பட்டன. அங்கிருந்து பெருகியதுதான் தீபகற்பம் முழுக்கப் பரவிய ரப்பர். அந்த மரங்களுக்குப் பால் வெட்டத்தான் தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். நம் தாத்தா பாட்டி பேசும் 'தோட்டம்' பிறந்தது, ஆங்கிலேயர் பூச்செடி வைத்த தோட்டத்தில். இதை நினைத்துக்கொண்டு நடந்தால் அந்தப் புல்வெளி வேறு மாதிரித் தெரிகிறது.

இந்தப் பூங்காவும் ஒரு முறை போக இருந்தது. 1910-ல் ஊருக்குக் குடிநீர் வேண்டும் என்று பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்க முடிவு செய்தார்கள். பெரிய திட்டம் கைவிடப்பட்டதால் இரண்டே ஆண்டுகளில் பூங்கா திரும்பக் கிடைத்தது. ஜப்பானியர் ஆட்சியில் இங்கே ஆயுதக் கிடங்கு இருந்தது. போருக்குப் பின் மீண்டும் சீர்செய்தார்கள். 2021-ல் யுனெஸ்கோ அறிவித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தில் இந்தப் பூங்காவும் அடங்கும். இப்போது பூங்காவை ஒட்டிய பகுதியிலிருந்து மலை உச்சிக்குக் கேபிள் கார் அமைக்கும் திட்டம் பேசுபொருளாக இருக்கிறது. மலையேற முடியாத முதியவர்களுக்கு நல்லது என்று ஒரு சாரார், பள்ளத்தாக்கின் அமைதி போய்விடும் என்று மறு சாரார். எந்தப் பக்கம் இருந்தாலும், நேரில் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வது நல்லது.

அந்த அருவியோடு நமக்கு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. தைப்பூசத்துக்கு நாம் படியேறும் மலைக்கோயிலின் முருகன், முதலில் இந்த அருவிப் பக்கம்தான் இருந்தார். நகராட்சியின் நீர்த்திட்டத்துக்காகக் கோயில் இடம் மாறி மலைமேல் போனது. இன்று 2012-ல் குடமுழுக்குக் கண்ட அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம், 513 படிகளுக்கு மேல் நிற்கிறது. 1894-லிருந்து ஓடும் நகரத்தார் வெள்ளி ரதம் ஊரிலிருந்து வந்து சேர்வதும் பூங்காவுக்குப் போகும் அதே சாலையில்தான். தைப்பூசத்துக்கு அந்தச் சாலையில் ஆண்டுதோறும் நடக்கிறோம். அதே சாலையில் இன்னும் சிறிது தூரம் நடந்தால் வரும் பூங்காவுக்குள் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

பூங்காவில் அம்மாவை நிற்க வைத்தது நாகலிங்க மரம். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூ, பீரங்கிக் குண்டு போன்ற காய். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். ஆங்கிலேயருக்குக் குண்டு தெரிந்தது, நமக்கு லிங்கமும் மேலே படமெடுத்த நாகமும் தெரிந்தன. கீழே விழுந்த பூ ஒன்றைக் கையில் எடுத்து, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சீனக் குழந்தைக்கு, தமக்குத் தெரிந்த மலாயில் நாகத்தையும் லிங்கத்தையும் காட்டிக்கொண்டிருந்தார் அம்மா.

போவதற்கு முன்

காலையில் லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, வெயில் ஏறுமுன் பூங்காவுக்குப் போய்விடுங்கள். நுழைவு இலவசம். ரேப்பிட் பினாங்கின் 10-ஆம் எண் பேருந்து ஊரிலிருந்து அங்கே போகிறது. பிளாஸ்டிக் பை கையில் இருந்தால் குரங்குகள் விடாது. தின்பண்டத்தைப் பைக்குள் மறைத்து வையுங்கள், ஊட்டவும் வேண்டாம். குடை கட்டாயம். சஃபோக் மாளிகை திருமணத்துக்கும் விருந்துக்கும் வாடகைக்கு விடப்படுவதால், போகிற நாளில் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கைப்பேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

நேரம் இருந்தால் நார்தம் சாலைப் பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறையில் லைட்டின் சமாதியையும் பார்க்கலாம். இன்றைய பெயர் ஜாலான் சுல்தான் அகமட் ஷா. லைட்டின் மகன் வில்லியம், ஆறு வயதுவரை இந்த மண்ணில் வளர்ந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகருக்கு வரைபடம் போட்டார். நகரைச் சுற்றிலும் யாரும் வீடு கட்ட முடியாத பசுமை வளையம் ஒன்றை விட்டுவைத்தார். தந்தை ஒரு குடும்பத்துக்காகத் திருத்திய தோட்டம் சுருங்கிப்போனது. மகன் ஊருக்கென்று ஒதுக்கிய தோட்டம் இன்றும் அந்த நகரைச் சுற்றி நிற்கிறது.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. மரங்களில் தொங்கும் பலகைகளில் அறிவியல் பெயர் இருக்கும். அதைப் படிக்கச் சொல்லுங்கள். கூடவே தமிழ்ப் பெயரை நீங்கள் சொல்லுங்கள். நாகலிங்கம், தூங்குமூஞ்சி, ஜாதி, மிளகு. பினாங்கு என்ற பெயரே பாக்கு மரத்தின் மலாய்ப் பெயர்தான். தமிழ்ப் பெயர் தெரியாத மரம் வந்தால் வீட்டில் உள்ள பெரியவருக்குப் படம் எடுத்து வாட்சாப்பில் அனுப்புங்கள். தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் நிச்சயம் பதில் சொல்வார். அந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்ட கதையும் சேர்த்தே வரும்.